சிமென்ட்டைக் கலக்காதீங்க, டாக்டர்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ரிப்போர்ட் தப்பு என்று உங்களுக்கு மட்டும் தெரிய வருகிறது. வேறு யாருக்கும் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. என்ன செய்வீர்கள்? "உடனே போய்ச் சொல்லிடுவோம் மேடம்" என்று கோரஸ் பாடுவீர்கள். நானும் அப்படித்தான் பாடிக்கொண்டு திரிந்தேன். அப்படி ஒரு காலை எனக்கு வந்தபோது இரண்டு நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றேன். ரிட்டயர் ஆகி இத்தனை வருடம் கழித்தும் அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. அதனால்தான் சொல்கிறேன்.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் நடந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கிருமிப் பரிசோதனை லேபுக்கு நான்தான் பொறுப்பு. லேப் என்றால் உங்களுடையது மாதிரி ஏசி ஹால் இல்லை. ஒரு அறை, ஒரு ஃபேன், பீரோவில் பாதி அளவுக்கு ஒரு இன்குபேட்டர். கிருமி வளர்க்கும் தட்டுகள் எல்லாம் கண்ணாடி. கழுவி, வேகவைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். அவற்றைக் கழுவுவதற்கு மஸ்தான் பாய் இருந்தார். பழவேற்காட்டுக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். குடும்பத்தில் எல்லோரும் வியாபாரம் பார்க்க, இவர் மட்டும் கண்ணாடி கழுவ வந்துவிட்டார். அதைச் சொல்லி நான் கிண்டல் செய்தால், "உடையாம கழுவுறது எல்லாருக்கும் வராது மேடம்" என்பார்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. தட்டை இரண்டு நாள் வைத்துப் பார்ப்போம். ஒன்றும் முளைக்கவில்லையா, 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தட்டைப் பாயிடம் கொடுத்துவிடுவோம். அடுத்த கேசுக்குத் தட்டு வேண்டும், இன்குபேட்டரில் இடம் வேண்டும். இதில் தப்பு இருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஏழுமலை வந்தார். மாதர்பாக்கம் பக்கத்து ஆள். முப்பது வயது இருக்கும். ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு நாள் கம்பிக்கட்டு சரிந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வேறு எங்கோ இரும்புத் தகடு வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். எலும்பு சேர்ந்ததோ இல்லையோ, சீழ் வைத்துவிட்டது. ஒரு வருடம், இரண்டு ஆஸ்பத்திரி, மூன்று ஆபரேஷன். கெஞ்சிக் கூத்தாடி மில் வாசலில் உட்கார்ந்து லாரிக்கு டோக்கன் கொடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு அந்த வேலையையும் பார்த்தபடி எங்கள் எலும்பு டாக்டரிடம் வந்து சேர்ந்தார்.

எங்கள் டாக்டர் அதிகம் பேசமாட்டார். ஏழுமலையிடமும் அவர் மனைவி தேவகியிடமும் ஒளிக்காமல் சொன்னார்: கடைசியாக ஒரு முயற்சி செய்யலாம், அதற்குப் பிறகும் சீழ் வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான்.

அந்த முயற்சி என்ன என்பதை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிருமி தகட்டின் மேலும் செத்த எலும்பின் மேலும் உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பிடிக்கிற வழவழப்பு மாதிரி ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். மாத்திரையும் ஊசி மருந்தும் இரத்தம் வழியாகத்தான் போக வேண்டும். செத்த எலும்புக்கு இரத்தம் ஏது? கொஞ்சநஞ்சம் போனாலும் படலத்தைத் தாண்டாது. மருந்தின் அளவைக் கூட்டினால் முதலில் போவது சிறுநீரகம். அதனால் டாக்டர் தகட்டையும் செத்த எலும்பையும் எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்திலேயே மருந்தை வைத்துவிடுவார். எலும்பு சிமென்ட் பொடியில் மருந்தைக் கலந்து, கையால் சின்னச் சின்ன மணியாக உருட்டி, கம்பியில் கோத்து உள்ளே வைத்து மூடிவிடுவார். மருந்து வாரக்கணக்கில் அந்த இடத்தில் மட்டும் கசியும். ஆனால் எந்த மருந்து என்று சொல்ல வேண்டியது நாம்தான். நாம் தப்பாகச் சொன்னால் அந்த மணி வெறும் கோலிக்குண்டு.

இதை இரண்டு தடவையாகச் செய்வதாகத் திட்டம். திங்கட்கிழமை தகட்டை எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு, மூன்று இடத்திலிருந்து எலும்புத் துண்டு எனக்கு அனுப்பினார். சனிக்கிழமை காலை மணி வைப்பது. நான் மூன்று தட்டில் போட்டேன். புதன்கிழமை மாலை பார்த்தேன். மூன்றும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், அனுப்பினேன்.

டாக்டர் போன் செய்தார். ஒரு வருடமாகச் சீழ் வடிகிறதே, அதில் ஒன்றுமே இல்லையா என்று கேட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வளர்ந்தால் எழுதப்போகிறேன், வளரவில்லை என்றால் நான் என்ன விதை தூவியா வளர்க்க முடியும் என்று கேட்டுவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். வைத்த பிறகு எனக்கும் உறுத்தத்தான் செய்தது. உடனே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எலும்பை எடுக்கும் முன்பே தியேட்டரில் கிருமி மருந்து ஊசியைப் போட்டிருப்பார்கள், அதனால்தான் வளரவில்லை, தப்பு அவர்களுடையது. அப்படித்தானா என்று தியேட்டர் சிஸ்டரை ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. காரணம் கிடைத்த நிம்மதியில் வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டேன். பிள்ளைகளே, நம் வேலையில் காரணம் கிடைக்காமல் தவிப்பவர்களால் ஆபத்து வராது. சீக்கிரம் கிடைத்துவிடுகிறவர்களால்தான் வரும்.

என் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லாததால் டாக்டர் பழைய காகிதத்தைத் தேடினார். எட்டு மாதத்துக்கு முன் வேறொரு லேபில் ஒரு கிருமி வளர்ந்திருந்தது, அதற்கு ஜென்டாமைசின் என்ற மருந்து கேட்கும் என்று போட்டிருந்தார்கள். சரி, ஜென்டாமைசின் கலந்த சிமென்ட்டையே வாங்கித் தயாராக வைத்திருந்தார்.

அந்த வாரம் எங்கள் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. வியாழக்கிழமை முழுக்கத் தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை மோட்டார் வந்தபோது பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கழுவ வேண்டிய தட்டுகள் மேசையிலேயே கிடந்தன. கத்திரி வெயில் வேறு. எங்கள் அறையே இன்குபேட்டர் மாதிரிதான் கொதித்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நான் நாஷ்டா டப்பாவைத் திறந்து ஒரு விள்ளல் இட்லியைத்தான் வாயில் வைத்திருப்பேன். பாய் ஒரு தட்டோடு வந்து நின்றார்.

"மேடம், இதுல இன்னாமோ பொடிப்பொடியா கீது."

தட்டு வேர்த்திருக்கும் பாய், தண்ணீர்த் துளிதான், போய்க் கழுவுங்கள் என்றேன். அவர் நகரவில்லை.

"சாய்ச்சுப் பாத்தேன் மேடம். தண்ணியா இருந்தா ஓடும். இது ஓடல."

பிடுங்காத குறையாகத் தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். லென்ஸை எடுத்தேன். வாயிலிருந்த இட்லி அப்படியே நின்றது. ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. திங்கட்கிழமை நான் எலும்புத் துண்டின் கசிவைக் கம்பியால் தடவி இழுத்த கோட்டின் மேலேயே வரிசையாக இருந்தன. ஏழுமலையின் மற்ற இரண்டு தட்டையும் எடுத்துவரச் சொன்னேன். அவற்றிலும் அதே கோடு, அதே புள்ளி.

கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கொத்துக்கொத்தாக உருண்டைக் கிருமி. சீழில் நாம் வழக்கமாகப் பார்க்கிற ஆள்தான், ஆனால் குள்ளமாகிப்போன ஆள். நீண்ட நாள் மருந்துக்கு நடுவிலேயே பிழைத்துப் பழகிய சில கிருமிகள் இப்படி மெதுவாக, குள்ளமாக வளரும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொரு வரியும் வந்தது. அப்படிப்பட்டவை பெரும்பாலும் ஜென்டாமைசினுக்கு மசியாது.

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்து. மாடியில் ஏழுமலைக்கு முதுகில் மரப்பு ஊசி போட்டிருப்பார்கள்.

இனிதான் அந்த இரண்டு நிமிடம். தட்டு மூன்று நாள் வெளியில் கிடந்தது, தூசி விழுந்திருக்கும் என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? ரிப்போர்ட் போனது புதன்கிழமை, எல்லோரையும் போல நானும் இரண்டு நாள் பார்த்துத்தான் எழுதினேன். தூசி கோட்டின் மேல் வரிசை கட்டி விழாது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த ஆள் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருத்திதான். விதை தூவட்டுமா என்று கேட்ட வாயோடு எப்படிப் போய் அவர் முன்னால் நிற்பது? தப்பு செய்த வெட்கத்தைவிட இந்த வீம்புதான் பிடித்து இழுத்தது. பாய் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"மேடம், கழுவிடவா? வெக்கவா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் போயிருந்தது. அப்புறம், "வைங்க பாய். ஒண்ணையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

தியேட்டர் வாசலில் செருப்பை மாற்று, தொப்பி போடு, மாஸ்க் கட்டு என்று நிறுத்தினார்கள். உள்கதவைத் தள்ளியபோது டாக்டர் காலைச் சுத்தம் செய்து முடித்திருந்தார். சிஸ்டர் சிமென்ட் பாக்கெட்டைக் கிழித்துக் கிண்ணத்தில் பொடியைக் கொட்டியிருந்தார். அதில் ஊற்ற வேண்டிய திரவத்தின் குப்பியை உடைத்துக் கையில் வைத்திருந்தார். ஊற்றிவிட்டால் பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும், அதற்குள் உருட்டி உள்ளே வைத்தாக வேண்டும்.

"சிமென்ட்டைக் கலக்காதீங்க, டாக்டர்."

எல்லோரும் திரும்பினார்கள். சிஸ்டர் கை அப்படியே நின்றது.

"ஏன்?"

"என் ரிப்போர்ட் தப்பு. மூணு தட்டுலயும் வளந்திருக்கு."

எந்த மருந்து கேட்கும் என்றார். இன்னும் தெரியாது, அது பார்க்க மூன்று நான்கு நாளாகும் என்றேன். அப்படியானால் எதை வைத்து நிறுத்தச் சொல்கிறீர்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். குள்ள வளர்ச்சியைப் பற்றிச் சொன்னேன். படித்ததுதான், கண்ணால் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"தப்பா இருந்தா?"

"இவருக்கு ஒரு ஆபரேஷன் அதிகம், அவ்வளவுதான். நான் சொல்றது சரியா இருந்தா..."

அதற்கு மேல் சொல்லாமல் விட்டேன். இடுப்புக்குக் கீழேதான் மரப்பு, ஆள் முழித்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. குறுக்கே கட்டியிருந்த பச்சைத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சரியா இருந்தா இன்னா மேடம்? காலு பூடுமா?"

டாக்டர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிற்பாடு அவர் எனக்குச் சொன்னது இதுதான். மருந்து கேட்காத கிருமியின் நடுவில் மணியை வைத்தால், அந்த மணியே அது குடியேற இன்னொரு இடம். தகட்டை எடுத்துவிட்டுத் தகட்டையே திரும்ப வைப்பதற்குச் சமம். காத்திருந்தாலோ, புண் இன்னும் நான்கு நாள் திறந்து கிடக்கும், வேறு கிருமி புகுந்தால் அதுவும் ஆபத்து. இரண்டு பக்கமும் பள்ளம். அரை நிமிடம் இருக்கும், சிஸ்டரிடம் கிண்ணத்தை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்.

"ஏழுமலை, இன்னைக்கு மருந்து வைக்கல. கட்டுப் போட்டு அனுப்பறேன். எது கேக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு வைக்கலாம்."

"மறுபடி முதுவுல ஊசியா?" என்று துணிக்குப் பின்னாலிருந்து கேட்டார். அந்தக் குரலை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். ஆம் என்றார் டாக்டர்.

கை கழுவும் இடத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர், வார்டுக்குப் போய் அவர்களிடம் நானே சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார். நீங்கள் சொல்லக்கூடாதா டாக்டர் என்றேன்.

"நான் சொன்னா உங்களைக் காப்பாத்தற மாதிரி இருக்கும். நீங்க சொல்லுங்க."

மத்தியானம் போனேன். தேவகி கட்டில் ஓரமாக நின்று முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் தட்டை எடுத்துவிட்டேன், இன்னும் பொறுத்துப் பார்த்திருக்க வேண்டும், அதனால்தான் உங்களுக்கு இன்னொரு ஆபரேஷன், தப்பு என்னுடையது என்றேன். சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் நடுவில் எங்கேயாவது ஒளிந்துகொள்வேன் என்று எனக்கே தெரியும்.

தேவகி விசிறுவதை நிறுத்தினார்.

"தப்புன்னு லேசா சொல்ட்டீங்க. அது அவரு காலு மேடம். இன்னாத்துக்கு இம்மாம் அவசரம் உங்களுக்கு?"

அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. அப்போது ஏழுமலை, "தேவகி, அத்த எடு" என்றார். வேண்டாம் என்று தேவகி கண்ணால் சொன்னார். "எடுன்றேன்ல" என்றார் மறுபடி. கட்டிலுக்குக் கீழே இருந்த ஒயர் கூடையிலிருந்து ஒரு டிபன் டப்பா வந்தது. திறந்தால் உள்ளே மாத்திரை அட்டைகள். பாதி தீர்ந்தது, முழுசாக இருப்பது, நான்கைந்து இருக்கும்.

மில் வாசலில் இருக்கும் மெடிக்கலில் சீட்டில்லாமல் கொடுத்த கிருமி மாத்திரை. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே எல்லா மாத்திரையையும் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் தலைபாடாகச் சொல்லியிருந்தார். கேட்டபோதெல்லாம் நிறுத்திவிட்டேன் என்றே இவரும் சொல்லியிருக்கிறார்.

"நிறுத்துனா நாத்தம் அடிக்குது மேடம். மேஸ்திரி மோந்துட்டார்னா வேலைய வுட்டு அனுப்பிடுவாரு. அதான் சாப்ட்டுக்கினே இருந்தேன். இங்க வந்தப்பறமும், நிறுத்திட்டா மேல ஏறிடுமோன்னு பயம். திங்கக்கெயம காத்தாலகூட ரெண்டு போட்டேன்."

எலும்புத் துண்டில் கிருமி ஏன் இரண்டு நாளில் தலைகாட்டவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தியேட்டரில் யாரும் எந்த ஊசியும் போட்டிருக்கவில்லை. அதையும் அன்று மாலைதான் சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"ஒருவாட்டி இல்லன்னுட்டேன். அப்பறம் எப்டி மாத்தி சொல்றது? பேஜாரா பூட்ச்சி. இப்ப நீங்களே வந்து தப்புன்றீங்க. அதான்..."

அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன்.

எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க, அன்றைக்கே புதுத் தட்டில் கிருமியைத் தடவி மருந்து வில்லைகளை வைத்தேன். குள்ளக் கிருமி மருந்துச் சோதனையிலும் மெதுவாகத்தான் வளர்ந்தது. ஒரு தட்டைச் சென்னையில் பெரிய லேபுக்கு நானே எடுத்துப்போய்க் கொடுத்தேன். புதன்கிழமை இரண்டு இடத்திலும் ஒரே பதில். ஜென்டாமைசின் வில்லையைச் சுற்றிக் கிருமி ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. அந்த மருந்தை அது கண்டுகொள்ளவே இல்லை. வேன்கோமைசின் வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி வளராத வெற்றிடம். மறுநாள் டாக்டர் சாதா சிமென்ட்டில் வேன்கோமைசின் பொடியைக் கலந்து மணி உருட்டி வைத்தார். ஏழுமலை மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதை நான் வாசல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றுதான் போய் நின்றேன்.

வாரங்கள் கழித்து மணிச்சரத்தை வெளியே எடுத்தபோது உள்ளே சீழ் இல்லை. எலும்பு ஒட்டுப் போட்டார்கள், அது பிடித்தது. கால் கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். எங்கள் லேபில் எலும்புத் துண்டு வந்தால் ஒரு வாரத்துக்குக் குறைந்து தட்டை எடுப்பதில்லை என்று ஆனது. கழுவப் போகுமுன் ஒவ்வொன்றையும் பாய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அதற்கு நான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை.

ஒரு வருடம் இருக்கும். ஒரு நாள் காலை லேப் வாசலில் ஏழுமலை நின்றார். கையில் கோல் இல்லை. ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னார். காலைக் காட்டத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்தேன். அவர் காலைக் காட்டவில்லை. பின்னால் நின்ற ஒருவரைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். மில்லில் கூட வேலை செய்பவராம். பேன்ட்டின் ஒரு கால் ஈரமாக இருந்தது, வாடை அடித்தது. அந்த மனிதர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கும் தகடு வெச்சிக் கீது மேடம். மாத்திர சாப்ட்டுக்கினுகீறாரு, கேட்டா இல்லன்றாரு. இந்த மேடத்தாண்ட சொல்லலாம், திட்டமாட்டாங்கன்னு இட்டாந்தேன்."

அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். நான் நோட்டை இழுத்து, முதலில் அந்த மாத்திரையின் பேரை எழுதிக்கொண்டேன். பிறகு, உட்காருங்கள், உங்கள் பேர் என்ன என்று கேட்டேன்.